ஒரு மசால், நூத்தம்பது!

கிடர்பூர்,
ஞாயிறு மத்தியானம், கடை சாத்திய பிறகு.

அருப்புக்கோட்டையில் மளிகைக்கடையும் மரியாதையுமாக இருக்கும் என் மாப்பிள்ளை சந்தானத்துக்கு, கல்கத்தாவிலிருந்து சொக்கலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா சகுந்தலா, மாவு கிரைண்டர் மூவரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். மூன்றில் கிரைண்டருக்குத்தான் சத்தம் கொஞ்சம் குறைவு. அங்கே நீ, தங்கச்சி, கல்யாணப் பெண் வித்யாலக்ஷ்மி எல்லோரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நலமில்லை என்று நீ போனில் கத்தியது காதில் விழுந்தது. இருந்தாலும் கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பு வரை போனதில் எனக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

“போனில் கேட்டால் கிண்டல் பண்ணுறீங்க அத்தான், நடந்ததை நடந்தபடி எழுதிப் போடுங்க” என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நவநீத் பையன் வித்யாவுக்குப் போன் போட்டு, “நாலு மாசமா உன்னை ஏமாத்திட்டேன், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை” என்று அழுதானாம்; கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்றானாம்; அதன் பிறகு மறுபடியும் ஒரு போன் வந்ததாம்; வித்யா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம், ஜன்னல் வழியே பார்த்தால் முதுகுதான் தெரிந்ததாம், தோள் குலுங்கியதாம்; கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறாளாம். தை மாதத்துக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டது, பையனுக்கு இங்கே வேறு பெண் தொடர்பு இருக்கிறதா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டாய். இருக்கிறது மாப்ளே. மறைத்து என்ன பயன். நல்ல சிவப்பு நிறம், ஓரமெல்லாம் முறுகல், வயிற்றில் உருளைக்கிழங்கு. என் கடையில்தான் இருவரும் தினம் சந்தித்துக்கொண்டார்கள். நடுவில் நின்று சேர்த்து வைத்த பாவி நான்.

உனக்கு நினைவிருக்கும். நிச்சயதார்த்தத்தன்று பையன் தொண்ணூற்றிரண்டு கிலோ. சர்க்கரை விளிம்பில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன காகிதத்தை அவனே கொண்டுவந்து பெண்ணிடம் கொடுத்தான். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவனைப் பிடித்துப்போனது. வித்யா அதை வாசித்துவிட்டு, “தாலி கட்டுறதுக்குள்ள எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க. எண்பத்தினாலுக்கு மேல ஒரு கிலோ இருந்தாலும் நான் மணவறைக்கு வர மாட்டேன்” என்றாள். நீ அவளை அதட்டினாய். அவள் என் பக்கம் திரும்பி, “எனக்கு இந்த ஆளு ரொம்ப நாளைக்கு வேணும் மாமா, அதான்” என்று மெதுவாகச் சொன்னாள். அது உன் காதில் விழவில்லை. பந்தியில் பாயசம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

பையன் கார்டன் ரீச்சில் கப்பல் கட்டுகிற யார்டில் டிசைன் ஆபீஸில் இருக்கிறான். சமைக்கத் தெரியாது. காலையும் ராத்திரியும் நம் டிபன் கடைதான், அடுப்பில் உன் அக்கா, கல்லாவில் நான். ஊரிலிருந்து திரும்பிய மறுநாளே ஒன்பதேகாலுக்கு வந்து உட்கார்ந்தான், மசால் தோசை வந்ததும் கையை வைக்காமல் போனை எடுத்து அதை நாலு பக்கமும் போட்டோ பிடித்தான். எனக்கு ஒரே பெருமை. பிறகு, “மாமா, இதுல எத்தனை கலோரி?” என்றான். வெளியே சாப்பிடும்போது நீயாக யூகிக்காதே, உன் யூகம் எப்போதும் உன் வயிற்றுக்குச் சாதகமாகத்தான் வரும், சமைத்தவரைக் கேட்டு எழுது என்று வித்யா கட்டளையாம். போனில் பார்த்தால் ஒரே மசால் தோசைக்கு ஒரு இடத்தில் நூற்றறுபது, இன்னொரு இடத்தில் ஐந்நூற்றைம்பது போட்டிருக்கிறதாம். எனக்குக் கலோரி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் நூற்றறுபதுக்கும் ஐந்நூற்றைம்பதுக்கும் நடுவில் ஒரு சரக்கு கிடக்கிறது என்றால் அங்கே என்ன நடக்கும் என்று முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா? “உனக்கு எவ்வளவுன்னா கட்டுபடியாகும்?” என்றேன். “நூத்தம்பதுன்னா ரெண்டு வேளையும் சாப்பிடலாம் மாமா” என்றான். “சரி போ, வெளியாளுக்கு இருநூத்தி எண்பது. உனக்காக நூத்தம்பது” என்றேன். “தேங்க்ஸ் மாமா” என்று எழுதிக்கொண்டான். “சட்னி எவ்வளவு?” என்றான். சட்னி ஃப்ரீ என்றேன். பூஜ்யம் போட்டான். இரண்டாவது தடவை வாங்குகிற சாம்பாரும் ஃப்ரீ. அதற்கும் பூஜ்யம். அவன் இன்ஜினியர் மாப்ளே. கப்பல் எத்தனை டன் தாங்கும் என்று கணக்குப் பார்க்கிறவன். வித்யா சமைத்தவரைக் கேள் என்றாள், இவன் கேட்டான். அதற்கு மேல் யோசிப்பது கல்யாணத்துக்குப் பிறகும் ஆகாது.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பக்கத்து மேஜையில் இருந்தவன் எனக்கு எத்தனை என்றான், அவனுக்குப் பின்னால் இருந்தவன் இட்லிக்கு எத்தனை என்றான். வாயால் சொல்லி மாளவில்லை என்று ஒரு கரும்பலகை வாங்கி, சாக்பீஸால் வரிசையாக எழுதி ஆணியில் மாட்டினேன். எழுதியது எல்லாம் என் மனதுக்குப் பட்டது. இட்லி சாது, அதற்கு ஐம்பது. பொங்கலைப் பார்த்தாலே தூக்கம் வரும், அதற்கு முந்நூறு. அந்த ஞாயிற்றுக்கிழமை பெஹாலாவிலிருந்து ஒரு பௌதி வந்தார். பௌதி என்றால் இங்கே அண்ணி. வாக்கிங் போகிற கூட்டத்துக்குத் தலைவி. காலில் வெள்ளை ஷூ, நெற்றியில் பெரிய பொட்டு. பலகையைப் பார்த்துவிட்டு, “மசால் தோசா இருநூத்தி எண்பதா? தாதா, ஏக்டு கொமியே தின் நா” என்றார். அண்ணா, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று ஒரு பெண்பிள்ளை முகம் பார்த்துக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லக் கடைக்காரன் நாக்கு புரளுமா? இருநூற்றறுபது என்றேன். இருநூற்றிருபது என்றார். இருநூற்று நாற்பதில் முடிந்தது. சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு, ஜெயித்த முகத்தோடு போனார். அடுத்த ஞாயிறு பதினோரு பௌதிகள். “மாலா அக்காவுக்கு மட்டும் இருநூத்தி நாப்பது, எனக்கு ஏன் இருநூத்தி எண்பது? நான் பக்கத்துத் தெரு, அவங்களைவிடக் கிட்ட இருக்கேன்” என்று ஒருத்தர். “ரெண்டு பேர் சேர்ந்து வந்தா?” என்று இன்னொருத்தர். துர்கா பூஜை வந்தபோது ஊரெல்லாம் தள்ளுபடி, நான் மட்டும் சும்மா இருந்தால் மரியாதையா? ‘பூஜோ ஸ்பெஷல், எல்லாத் தோசையிலும் ஐம்பது கலோரி குறைவு’ என்று பலகைக்கு மாலை போட்டு வைத்தேன். அஷ்டமியன்று வாசலில் வரிசை.

இது ஒன்பது மணிக்கு மேல் வருகிற கூட்டத்தின் கதை. காலை ஆறிலிருந்து எட்டு வரை வருகிறவர்கள் டாக்கில், அதாவது துறைமுகத்தில், லோடு இறக்குகிறவர்கள், தள்ளுவண்டி இழுக்கிறவர்கள். அவர்களுக்கு யாரோ ஒரு ஷெட் கிளார்க் அந்த நம்பருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்: அது சாப்பாட்டில் இருக்கிற பலம் என்று. அன்றோடு எனக்கு நிம்மதி போயிற்று. ஜகதேவ் என்று ஒரு பீஹார்க்காரர், கதவு அகலத்துக்கு மார்பு, என் முன்னால் வந்து நின்று, “சேட்ஜி, பலகையில இருநூத்தி எண்பதுதான் போட்டிருக்கீங்க. நூறு கிலோ மூட்டைக்கு இருநூத்தி எண்பது எப்படிப் பத்தும்?” என்றார். எவ்வளவு வேண்டும் என்றேன். ஐந்நூறு என்றார். “சரி, உங்களுக்கு இல்லாததா, ஐந்நூறு” என்றேன். மறுநாள் வேறொருத்தர், “நேத்து ஐந்நூறுன்னு சொன்னீங்க, பதினோரு மணிக்கே பசிச்சிருச்சு, குறைஞ்சுபோச்சு” என்று சண்டை. அவருக்கு ஒரு வடை கொடுத்து நேர் செய்தேன். கடைசியில் அறுநூறில் வந்து நின்றது. ஒரே சரக்கை ஒரு கூட்டம் குறைக்கச் சொல்கிறது, ஒரு கூட்டம் கூட்டச் சொல்கிறது, இரண்டு கூட்டமும் கும்பிட்டுவிட்டுப் போகிறது. இப்படி ஒரு வியாபாரத்தை நீயும் பார்த்திருக்க மாட்டாய், உன் அப்பாவும் பார்த்திருக்க மாட்டார். பலகைக்கு இரண்டு பக்கம் இருப்பது எதற்கு? ஒன்பது மணி வரை டாக் பக்கம், ஒன்பதுக்கு மேல் பெஹாலா பக்கம். திருப்பி மாட்டிவிடுவேன்.

நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதே. சொந்தக் கடையில் சாப்பிட்டால் கலோரி கிடையாது.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு யார்டில் ஒரு கப்பலைத் தண்ணீரில் இறக்குகிற நாளாம். எல்லோரும் ஏழரைக்கே அங்கே நிற்க வேண்டுமாம். அதனால் நாலு மாதத்தில் முதல் தடவையாக நவநீத் ஆறரை மணிக்குக் கடைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல சிரிப்பு. “மாமா, சீக்கிரமா ஒரு மசால்” என்று உட்கார்ந்தவன் தலையைத் தூக்கினான். டாக் பக்கம் தொங்குகிறது. மசால் தோசை, அறுநூறு.

சிரிப்பு நின்றது. “மாமா, இது என்ன?”

“அது லோடுக்காரங்களுக்கு.”

“வேற தோசையா?”

பொய் சொல்லியிருக்கலாம் மாப்ளே. ஆனால் எதிரில் ஜகதேவ் உட்கார்ந்து அதே மசால் தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். “அதே மாவு, அதே கல்லு, அதே அத்தை” என்றேன்.

“அப்ப எனக்கு நூத்தம்பதுன்னு சொன்னது?”

“நம்ம பையனாச்சேன்னு குறைச்சுப் போட்டேன்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் ஏதாவது பதில் வந்திருக்கும். மேஜையில் இருந்த பேப்பர் துண்டை எடுத்து, பேனாவால் அறுநூறில் நூற்றைம்பதைக் கழித்து, இரண்டால் பெருக்கி, நாலு மாதத்தால் பெருக்கி, சட்னிக்குத் தனியாகக் கூட்டி, விடையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். “இந்தக் கணக்குப்படி நான் குறையவே இல்ல மாமா. பதினஞ்சு கிலோ ஏறியிருக்கணும்” என்றான். “எடை பார்த்தியா?” என்றேன். “பயமா இருந்துச்சு. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முந்திப் பார்த்துக்கலாம்னு இருந்தேன். கணக்குத்தான் சரியா இருக்கே” என்றான். உடனே வித்யாவுக்குப் போன் போட்டான். நீ கேட்ட அந்த முதல் போன் அதுதான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏமாற்றியது காலை தோசையும் ராத்திரி தோசையும். வாக்குக் கொடுத்துவிட்டேன், காப்பாற்ற முடியவில்லை, தள்ளி வைத்துவிடு என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்து பெஞ்சில் நாலு லோடுக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஜகதேவ் தட்டை என் முன்னால் வைத்து, “சேட்ஜி, இந்தப் பையனுக்கு என்ன பண்ணுனீங்க?” என்றார். எனக்கு அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. இந்தக் கடையில் வராதது அது ஒரு தடவைதான்.

“வா, முதல்ல எடை பார்ப்போம்” என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் கடைக்குப் பக்கத்தில் மொண்டல்தா காயலான் கடை வைத்திருக்கிறார், பழைய இரும்பு வியாபாரம். வாசலில் பெரிய மேடைத் தராசு. மொண்டல்தா பல் துலக்கிக்கொண்டிருந்தார். பையன் ஷூவைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, அடையாள அட்டையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். நான் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். மொண்டல்தாவையும் பார்க்கச் சொன்னேன். எண்பத்தைந்து.

“ஏழு கிலோ குறைஞ்சிருக்கேடா!” என்றேன். அவன் கண்ணைத் திறந்தான். அழுகிற இன்ஜினியரைவிடச் சந்தேகப்படுகிற இன்ஜினியர் மோசம். “ஒரு நாளைக்கு ரெண்டு அறுநூறு தின்னுட்டு எப்படி மாமா குறையும்? கணக்கு இடிக்குதே” என்று தராசை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். விடை கடைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று இருவரும் நேரே உன் அக்காவிடம் போனோம்.

உன் அக்கா கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்கதானே கூவுறீங்க?”

“என்னத்தைக் கூவுறேன்?”

“ஒரு மசால், நூத்தம்பது! ஒரு மசால், அறுநூறு! ஒரு ரவா, இருநூத்தி நாப்பது! கூவுறதுக்குத் தகுந்தாப்ல ஊத்துறேன்.”

மாப்ளே, நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். கஸ்டமர் என்ன சொல்கிறானோ அதை அப்படியே உள்ளே கூவுவேன்: முறுகல், வெங்காயம் தூக்கல், எண்ணெய் கம்மி. அந்தப் பழக்கத்தில் பேரம் படிந்த நம்பரையும் சேர்த்தே கூவியிருக்கிறேன், இந்த நாலு மாதமும்.

“நூத்தம்பதுக்கு எவ்வளவு ஊத்தணும்னு உனக்கு யாரு சொன்னா?”

“இதுக்கு யாரு சொல்லணும்? அறுநூறுன்னா பெரிய கரண்டி ரெண்டு, மேல எண்ணெய். முந்நூறுன்னா நடுக் கரண்டி. நூத்தம்பதுன்னா சட்னிக் கரண்டி, கிழங்குக்குப் பதிலா முட்டைக்கோஸ். பூஜை சமயத்துல ஒரு அம்மாவுக்கு நூத்திப்பத்துன்னு கூவுனீங்க. கல்லுல மாவு ஊத்துறதா, பொட்டு வைக்கிறதான்னு முழிச்சேன்.” பிறகு பையன் பக்கம் திரும்பி, “தம்பி தினம் கம்மியாவே சொல்லுதே, மாசக் கடைசி வரைக்கும் கைல இல்ல போலன்னு நினைச்சேன்யா. கேட்டா கூச்சப்படுவேன்னு கேக்கல. அதான் சாம்பார்ல மட்டும் முருங்கைக்காய் நிறையப் போட்டேன்” என்றாள்.

நீ கேட்கலாம், நாலு மாதமும் தட்டில் போகிற தோசையின் அளவு உங்கள் கண்ணில் படவில்லையா என்று. படாது. சாப்பிடுகிறவன் தட்டைக் கடைக்காரன் பார்க்கக் கூடாது, கண் படும் என்று என் அப்பா சொல்லி என்னைக் கல்லாவில் தெருவைப் பார்த்து உட்கார வைத்தார். நானும் முப்பது வருஷமாகத் தெருவைத்தான் பார்க்கிறேன். பையனோ தன் தோசையைத் தவிர வேறு தட்டைப் பார்க்காத உத்தமன். முதல் நாளுக்குப் பிறகு தோசை சுருங்கியதையும் கிழங்கு கோஸானதையும் விலைவாசி என்று நினைத்து, எல்லாத் தோசையும் இந்த அளவுதான் என்று இருந்திருக்கிறான். ஜகதேவ் தட்டைப் பார்த்தபோதுகூட, அறுநூறு என்ற எழுத்துத்தான் கண்ணில் பட்டதே தவிர, தோசை மேஜைக்கு வெளியே தொங்கியது படவில்லை.

ஆக, நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உன் அக்கா அதை நிஜமாக்கிவிட்டாள். இந்தக் கடையில் பொய் சொன்னது நான் ஒருவன்தான், அதுவும் அடுப்பு வரைக்கும்தான் செல்லுபடியாகியிருக்கிறது.

பையன் மறுபடி வித்யாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தராசு, கரண்டி, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, “அத்தை, அந்தச் சட்னிக் கரண்டியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. சீர்வரிசையில எனக்கு அது வேணும்” என்றாள். அதன் பிறகு பேச முடியவில்லை அவளால். நீ பார்த்த தோள் குலுங்கல் அதுதான் மாப்ளே. உன் மகள் அழுதால் எப்படி இருக்கும், சிரித்தால் எப்படி இருக்கும் என்று இருபத்தாறு வருஷத்தில் தெரிந்துகொள்ளாமல் என்னை அதட்டுகிறாய். பையன் கப்பல் இறக்கவும் நேரத்துக்குப் போய்விட்டான். கப்பலும் மிதந்ததாம்.

நானும் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். பலகையை இரண்டு பக்கமும் துடைத்து, விறகோடு போட்டுவிட்டேன். கலோரியில் பேரம் பேசுவது, குறைப்பது, கூட்டுவது எதுவும் இனி என் கடையில் கிடையாது. சொக்கலிங்கம் வாயிலிருந்து இனி ஒரு பொய் நம்பர் வராது. இன்றைக்கு பௌதிகள் வந்து பலகையைக் காணோமே என்று கேட்டார்கள். உள்ளே கரண்டியைக் காட்டி, எந்தக் கரண்டி வேண்டுமோ சொல்லுங்கள் என்றேன். பெஹாலா பௌதி நடுக் கரண்டியைத் தொட்டுப் பார்த்து, “இதுல கொஞ்சம் குறைச்சு?” என்றார். உன் அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஆகவே நீ மண்டபக்காரனுக்குப் பயப்படாமல் மிச்ச வேலையைப் பார். பையனுக்கு இன்னும் ஒரே ஒரு கிலோ, இரண்டு மாதம் இருக்கிறது, சட்னிக் கரண்டியும் இருக்கிறது. தங்கச்சிக்கு என் அன்பு. வித்யாவுக்கு என் ஆசியும், உன் அக்காவின் ஆசியும், ஜகதேவின் ஆசியும். அவர் கல்யாணத்துக்கு வருகிறேன் என்கிறார், பந்தியை ஒரு வரிசை கூட்டிச் சொல். உன் வீட்டில் உலை தணியாமல் கொதிக்கட்டும். உன் கடைத் தராசும் எல்லார் கடைத் தராசும் முள் நேராக நிற்க அந்தச் சொக்கநாதர் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய குற்றத்துக்கு இன்னமும் உழைக்கும்
சொக்கலிங்கம்.

பி.கு: திங்கள் காலை. கடிதத்தை ஒட்டப் போகும்போது மொண்டல்தா டீக்கு வந்தார். பையன் முகம் அன்றைக்கு ஏன் அப்படி இருந்தது என்று விசாரித்தார். விவரம் சொன்னதும் டீயை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அது இரும்புக்கடைத் தராசாம். பழைய இரும்பு வாங்கும்போது ஒரு திருகு திருகினால் ஐந்து கிலோ குறைத்துக் காட்டுமாம். விற்கும்போது அந்தப் பக்கம் திருகினால் ஐந்து கிலோ கூட்டிக் காட்டுமாம். வியாழக்கிழமை காலையில் எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. ஆக, பையன் தொண்ணூறாகவும் இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம். எண்பத்தைந்து மட்டும் இல்லை. இதைப் பையனிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. தராசை எடுத்துக்கொண்டு முகூர்த்தத்துக்கே வருகிறேன் என்று மொண்டல்தா ஒப்புக்கொண்டிருக்கிறார், நல்ல மனிதர். வித்யாவுக்கு எண்பத்தினாலேதான் வேண்டுமா, இல்லை எண்பத்திரண்டு இருந்தால் நல்லதா என்று மட்டும் நைசாகக் கேட்டு எழுது. நம்ம பெண்தானே, பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.